சூடு நிலைக்காத ஓவன்: தெர்மோஸ்டாட்டை மாற்றுவதா, புதிது வாங்குவதா?

கேக்கின் மேற்பக்கம் கருகி நடுப்பகுதி மாவாகவே இருந்தால், கிளிநொச்சிப் பக்கம் எல்லோரும் முதலில் சொல்வது "கரண்ட் பத்தாது" என்பதுதான். அதில் அரைவாசிதான் உண்மை. எங்கள் மேசை ஓவன் அப்படிப் படுத்தியபோது மூன்று வழிகள் முன்னால் இருந்தன: சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகமான தெர்மோஸ்டாட்டை மாற்றுவது, மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ஸ்டெபிலைசர் போடுவது, புதிதாக ஒன்று வாங்குவது. நாங்கள் தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். கேட்பவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

காசு செலவழிக்க முன் பழுது எங்கே என்று பிரித்துப் பாருங்கள். ஓவனுக்கான வட்ட வெப்பமானி ஒன்றை வெறும் ஓவனின் நடுவில் வைத்து, 180 பாகைக்குத் திருகி, சூடேறும்போது எரியும் முன்பக்கச் சின்ன விளக்கைக் கவனியுங்கள். விளக்கு அணைந்து அணைந்து எரிவதும், முள் பத்துப் பதினைந்து பாகை ஏறி இறங்குவதும் பழுதல்ல. அதன் வேலையே அப்படித்தான். விளக்கு அணையாமலே இருந்து முள் 150ஐத் தாண்டவில்லையா? மின்னழுத்தம் குறைவு, அல்லது ஒரு கம்பிச்சுருள் எரிந்துவிட்டது, அல்லது கதவு இறுக மூடவில்லை. விளக்கு ஒழுங்காக அணைந்து எரிந்தும் முள் 140இலோ 220இலோ நின்றால் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல்தான். விளக்கு அணையாமல் முள் 250ஐயும் தாண்டினால் தெர்மோஸ்டாட்டுக்குள் கரண்டை நிறுத்தும் தொடுமுனை ஒட்டிக்கொண்டுவிட்டது. பிளக்கைக் கழற்றிவிட்டு மற்றதை யோசியுங்கள்.

வெப்பமானி இல்லையென்றால் சீனி போதும். அது ஏறத்தாழ 186 பாகையில் உருகும். 175இல் கால் மணி நேரம் வைத்த சீனி உருகினால் ஓவன் கூடச் சுடுகிறது. 195இலும் உருகாவிட்டால் குறையச் சுடுகிறது.

ஸ்டெபிலைசர் பற்றி ஒரு கணக்கு மட்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஓவன், 200 வோல்ட்டில் 1500 வாட் அளவுதான் தரும். ஆகவே பின்னேரம் மின்னழுத்தம் விழும் ஊர்களில் ஸ்டெபிலைசர் உதவும்தான். ஆனால் ஓவன் 9 அம்பியர் வரை இழுக்கும். ஃபிரிட்ஜுக்கு வாங்கிய சின்ன ஸ்டெபிலைசர் தாங்காது, தாங்கக்கூடியது விலை கூட. அதற்குப் பதிலாக நீள வயரை விட்டுவிட்டு நேரே சுவர் பிளக்கில் போட்டு, காலையில் சுட்டுப் பாருங்கள்.

புது ஓவன் என்றால் உத்தரவாதம், விசிறி, பெரிய தட்டு எல்லாம் வரும். சரி. எனக்கு முடிவு சொன்னது வேறு விஷயம்: இன்னும் சில வருடத்தில் அது பழுதானால் யார் திருத்துவது? திருகும் குமிழ் வைத்த ஓவனின் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் பொதுவான சாமான். வெப்ப எல்லை, அம்பியர், அதிலிருந்து ஓவனுக்குள் போகும் மெல்லிய குழாயின் நீளம் மூன்றும் பொருந்தினால் எந்தக் கம்பனியுடையதும் வேலை செய்யும். பழையதைக் கழற்றி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கையில் கொண்டுபோனால் ஒத்ததை எடுக்கலாம். மாட்டுவது ஊரில் தண்ணி மோட்டர் திருத்துபவருக்கே பெரிய வேலையல்ல. அந்த மெல்லிய செம்புக் குழாயை மடிக்காமல், சூட்டை உணரும் அதன் முனை ஓவனின் சுவரில் முட்டாதபடி கவ்வியில் இருத்தச் சொல்லுங்கள். எர்த் வயர் திரும்ப மாட்டப்பட்டதா என்று பக்கத்தில் நின்றே பாருங்கள்.

டிஜிட்டல் பலகை வைத்தது அப்படியல்ல. பலகை போனால் அதே மொடலுக்கான பலகைதான் வேண்டும், அது கம்பனியிடம்தான். உத்தரவாதம் இருந்தாலும் மல்லாவியிலோ துணுக்காயிலோ இருப்பவர் ஓவனை பஸ்ஸில் ஏற்றி ஏ9 வழியே கொண்டுபோக வேண்டும். பிறகு எடுத்துவர இன்னொரு பயணம். இடையில் பிறந்தநாள் கேக் ஓடர் எடுத்தவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

காஸ் ஓவன் நான் பாவித்ததில்லை, உறவினர் வீட்டில் பார்த்ததோடு சரி. 2022இல் காஸ் வரிசையில் நின்ற பிறகு அந்தப் பக்கம் மனம் போகவும் இல்லை.

உட்சுவர் துருவேறி, கதவின் பிணைச்சல் வளைந்து, கம்பிச்சுருளும் போய்விட்டதென்றால் தெர்மோஸ்டாட் மாற்றுவது வீண்செலவு. புதிதே வாங்குங்கள், ஆனால் திருகும் குமிழ் வைத்ததாகப் பார்த்து.