சூக்கோவும் அசூலாவும் சேர்வார்களா: ஐரோ வழியா, அம்மா வழியா?

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' அனிமேஷன் தொடர் 2008-லேயே முடிந்துவிட்டது, ஆனால் அதில் எதிரிகளாகிப்போன நெருப்பு தேசத்து அண்ணன் சூக்கோவும் தங்கை அசூலாவும் சமாதானம் ஆவார்களா என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. ஆவார்கள் என்று நம்புகிறவர்களிலேயே இரண்டு கட்சி இருக்கிறது.

முதல் கட்சிக்கு ஐரோதான் ஆதாரம். பெரியப்பா ஐரோ பொறுமையாகக் கூடவே இருந்து சூக்கோவைத் திருத்தினார், பா சிங் சே நகரில் அவன் அவருக்கே துரோகம் செய்த பிறகும் அவனைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டார், அதையே சூக்கோ இப்போது தங்கைக்குச் செய்ய வேண்டும் என்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐரோ சூக்கோவுக்கு என்றுமே போட்டியாளர் இல்லை, அவனோடு சேர்ந்து நாடு கடந்து கப்பலில் அலைந்தவர். சூக்கோவின் நிலை அப்படியா? அசூலா முடிசூட இருந்த அரியணையில் உட்கார்ந்திருப்பவனே அவன்தான், அவன் ஆட்சியில்தான் அவள் மனநல விடுதியில் கட்டிப்போடப்பட்டாள். பூட்டியவனே வந்து மன்னிக்கிறேன் என்றால் அவள் காதில் அது வெற்றி பெற்றவனின் பெருந்தன்மையாகத்தான் விழும், 14 வயதிலேயே ஒரு மாநகரத்தைப் போரில்லாமல் பிடித்தவள் அதை ஏற்கவே மாட்டாள்.

இரண்டாவது கட்சி அம்மா உர்சாவைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் இதற்கான வேர் தொடரிலேயே இருக்கிறது. கடற்கரை அத்தியாயத்தில், சொந்த அம்மாவே தன்னை ராட்சசியாக நினைத்தாள் என்று அசூலா சாதாரணமாகச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அது உண்மைதான், ஆனாலும் வலித்தது என்கிறாள். கடைசியில் முடிசூட்டு நாளன்று கண்ணாடியில் அவள் காண்பதும் அம்மாவைத்தான். 2013-இல் வந்த 'தி சர்ச்' காமிக்ஸில் நினைவும் முகமும் மாறிப்போன உர்சா, நீ சொல்வது உண்மையானால் உன்னைப் போதுமான அளவு நேசிக்காததற்கு மன்னித்துவிடு என்கிறாள். பழைய நினைவு எதுவுமே இல்லாத ஒருத்தியிடமிருந்து அந்த மன்னிப்பு வருகிறது, அதனால் அது பாதிதான் என்று நினைக்கிறேன். உர்சாவுக்கு நினைவு திரும்பும்போது அசூலா அங்கே இல்லை, காட்டுக்குள் ஓடிவிட்டாள். அந்தப் பாதி இன்னும் பாக்கி.

சரி, இதில் அண்ணன் எங்கே வருகிறான்? அம்மாவின் பாசம் அவனுக்குக் கிடைத்தது, அப்பாவின் மதிப்பு இவளுக்கு, ஒவ்வொருவரும் மற்றவர் பங்குக்கு ஏங்கியே வளர்ந்தார்கள். மூன்றாம் பருவத்தில் சூக்கோ அப்பாவின் பங்கைக் கையில் வாங்கிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்து விட்டுவிட்டு வந்தான். அதை அவளிடம் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் அவன்தான். ஐரோவால்கூட முடியாது.

தோழிகள் மே, டை லீ மூலம் அசூலா மாறுவாள் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு, ஆனால் பயத்தால் கட்டிய நட்பு அது, அதன் மேல் அண்ணன் தங்கை உறவை ஏற்றிவைக்க முடியாது.

முதல் இரண்டு கட்சிக்கும் இடிக்கும் இடம் 2023-இல் வந்த 'அசூலா இன் தி ஸ்பிரிட் டெம்பிள்' காமிக்ஸ். அங்கே மாறுவதற்குக் கிடைத்த வாய்ப்பை அவள் உதறிவிடுகிறாள். ஐரோ கட்சிக்கு இது பெரிய அடி, வெளியிலிருந்து யார் கை நீட்டினாலும் பிடிக்க மாட்டாள் என்று காட்டிவிட்டது. அம்மா வழிக்கு அவ்வளவு சேதமில்லை, நினைவு திரும்பிய உர்சா இன்னும் நேருக்கு நேர் அவளிடம் பேசவே இல்லையே.