ஒரு மொழியோடு வளர்ந்தவருக்கு ஆன்கி: ஆறு மாத அனுபவம்

தமிழ் ஒன்றை மட்டுமே பேசி வளர்ந்து, நாற்பது வயதில் ஜெர்மன் கற்கத் தொடங்கிய எனக்கு முதலில் உதைத்தது பொருள்களின் பால்தான். உயிரற்றவை அனைத்தையும் அஃறிணையில் அடக்கிப் பழகிய மனம், கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமல்லாத பால் என்பதை எளிதில் ஏற்பதில்லை. இதற்கு விதி தேடிக் களைத்த பிறகே, 2006 முதல் வழக்கில் உள்ள ஆன்கி என்னும் மின்னட்டைச் (ஒருபுறம் கேள்வி, மறுபுறம் விடை கொண்ட அட்டைகளைத் திரையில் காட்டும்) செயலியை நாடினேன். ஜப்பானிய மொழியில் அதன் பெயருக்கு மனப்பாடம் என்று பொருள்.

நாம் ஒரு சொல்லை எவ்வளவு எளிதில் நினைவுகூர்ந்தோம் என்று அழுத்தும் பொத்தானைக் கொண்டு, அது மீண்டும் வரவேண்டிய நாளைச் செயலி கணிக்கிறது; நன்கு பதிந்த சொல் வாரங்கள், மாதங்கள் கழித்தே வரும், தடுமாறிய சொல்லோ உடனே திரும்பும். புதிய அட்டைகள் நாளுக்கு 20 என்பது இயல்பமைப்பு. ஆர்வக்கோளாறில் நான் அதை 50 ஆக்கி, மூன்றே வாரத்தில் மீள்பார்வைக் குவியலில் மூழ்கினேன், பிழை என்னுடையது. இப்போது 8 போதுமானதாக இருக்கிறது.

பிறர் ஆக்கிய தொகுப்புகளைவிட, நாமே வாக்கியமும் ஒலியும் சேர்த்து உருவாக்கும் அட்டைகளே நிலைக்கின்றன. பெயர்ச்சொல்லைத் தனியே எழுதாமல் அதன் பாலைக் காட்டும் der, die, das என்னும் சுட்டிடைச்சொல்லோடு சேர்த்தே எழுதுவது நலம். ஆனால் அட்டையில் தயங்காமல் வரும் சொல், எதிரே ஒருவர் விரைவாகப் பேசும்போது காதில் பிடிபடுவதில்லை. அதற்குக் கேட்பதும் பேசுவதும் தனியே வேண்டும்.