நடுவில் நிறுத்தக் கூடாத தட்டுகள்

கொங்கு நாட்டு வீடுகளில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை யாரும் தாண்டாமல் ஓடவிடும் ஒலிப்பதிவு ஒன்று உண்டென்றால் அது சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம்தான். செவ்வாய்க்கிழமை காலையில் போட்டுவிட்டு இட்லி ஊற்றப் போனாலும் சரி, பாதியில் நிறுத்த யாருக்கும் கை வராது. தேவராய சுவாமிகள் பாடிய இந்தக் கவசம் சென்னிமலையில் அரங்கேறியது என்று ஈரோட்டுப் பக்கம் வழிவழியாகச் சொல்வார்கள். பாட்டுக்குள் வரும் ‘சிரகிரி’ சென்னிமலைதான் என்பது அதற்கு அவர்கள் காட்டும் சாட்சி.

பக்தியைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுக் காதை மட்டும் கொடுத்தாலும் இந்தப் பதிவு நிற்கிறது. இரண்டு குரல், ஒரே மூச்சு. ராகம் மாறுகிறது, நடை சிதறவில்லை. நீளமும் எல்பி தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அளவு. ஆப்பில் தேடினால் பத்துப் பதினைந்து கவசம் வந்து நிற்கும்; பலவற்றில் படம் அதே முருகன், குரல் வேறு யாரோ. பாடியவர் பெயரில் ‘சூலமங்கலம்’ இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். சிந்தசைசர் மணியடித்துத் தொடங்கினால் அது பழைய பதிவு இல்லை.

சரி, இந்த மரியாதையை வேறு எந்தத் தட்டுக்குக் கொடுக்கலாம்? இங்கே வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. பாட்டெல்லாம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. வரிசையைக் கலைத்தால் ஏதாவது கெட வேண்டும். எதுவும் கெடவில்லை என்றால் அது தொகுப்பு இல்லை, மூட்டை. நல்ல சரக்கு நிறைந்த மூட்டையாகவே இருக்கலாம், அது வேறு விஷயம்.

இந்தச் சோதனையில் முதலில் தேறுவது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986. சினிமாவுக்காகச் செய்யாத, பாட்டு வரி இல்லாத பத்து இசைத்துண்டுகள். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக வந்தது. முன்னணி வயலின் வி.எஸ். நரசிம்மன். பாலு மகேந்திரா தன் ‘வீடு’ படத்துக்குப் பின்னணியாக எடுத்துக்கொண்டது இந்தத் தட்டைத்தான். அந்தப் படம் பார்த்தவர்களுக்குச் சில இடங்கள் ஏற்கெனவே காதில் இருக்கும்.

பலரும் முதல் துண்டைக் கேட்டு ‘ஆஹா’ என்றுவிட்டு அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவதான ‘மேட் மோட் மூட் ஃப்யூக்’ பிடிபடுவதில்லை என்பது பொதுவான புகார். ஃப்யூக் என்றால் ஒரு சின்னக் கருவை ஒரு குரல் எடுத்துக்கொண்டு நடக்கும்; அது முடிக்கும் முன்பே இன்னொரு குரல் அதே கருவோடு உள்ளே வரும்; முதல் குரல் ஒதுங்கி எதிர்ப்பாட்டுப் போடும். மெட்டைத் துரத்திக்கொண்டு போனால் தலை சுற்றும். தொடக்கத்தில் வரும் அந்தக் கருவை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு, அது எந்த வாத்தியத்தில் எப்போது திரும்பி வருகிறது என்று எண்ணிக்கொண்டே போங்கள். மூன்றாம் முறை கேட்கும்போது முடிச்சு அவிழும்.

தட்டின் உயிர்நிலை ஆறு, ஏழு, எட்டு. ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’ என்று தியாகராஜரை வீட்டுக்கு வரவேற்று உட்கார வைக்கிறது ஆறாவது. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ ஏழாவது: பாக் ஒற்றை வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டா என்ற இசைத்தொடரின் முகப்பு ஓடிக்கொண்டிருக்க, அதைச் சுற்றி வேறு குரல்கள் வந்து சேர்கின்றன. எட்டாவதன் பெயர் ‘அண்ட் வீ ஹேட் அ டாக்’. பாக்கை என் வீட்டில் பார்த்தேன், ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு தலைப்பும் சேர்ந்தால்தான் ஒரு வாக்கியம்.

இப்போது இதைக் காரில் கேட்கும் கதைக்கு வருவோம். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் பாதிப் பேர் இன்னமும் பென்டிரைவ்தான். மொபைல் கடையில் பாட்டு ஏற்றிக்கொண்டு வந்து சொருகிவிடுகிறார்கள். பெயரின் அகர வரிசைப்படி ஓட்டும் ஸ்டீரியோவாக இருந்தால் இந்தத் தட்டு ‘அண்ட் வீ ஹேட் அ டாக்’கில் தொடங்கும். பேச்சு முதலில் முடிந்துவிடும். ஆளைப் பார்ப்பது ஆறாவதாக வரும். கடைசித் துண்டான ‘டூ எனிதிங்’ மூன்றாவதாக ஓடும். ‘ராஜா சார் என்னமோ பண்ணியிருக்காருங்க, ஒண்ணும் புரியலீங்க’ என்பவர்களில் சிலராவது இப்படிக் கேட்டவர்களாக இருப்பார்கள்.

தீர்வு சுலபம், ஆனால் இரண்டு படி. கோப்புப் பெயருக்கு முன்னால் எண் போடுங்கள், அதுவும் 1 என்று இல்லாமல் 01 என்று. வெறும் 1 போட்டால் பல கருவிகள் 1-க்கு அடுத்து 10-ஐ ஓட்டிவிட்டுத்தான் 2-க்கு வரும். இரண்டாவது, விலை குறைந்த ஸ்டீரியோக்கள் பெயரையே பார்ப்பதில்லை. பென்டிரைவில் எது முதலில் ஏறியதோ அதை முதலில் ஓட்டும். பழைய பாட்டை அழித்துவிட்டுப் புதிதை ஏற்றினால், அழித்த இடத்தில் புதிது போய் உட்கார்ந்துகொள்ளும், வரிசை குலையும். ஆகவே பென்டிரைவை ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்து, ஒவ்வொரு கோப்பாக, வரிசைப்படி நகலெடுங்கள். மொத்தமாகப் பிடித்து இழுத்துப் போட்டால் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. ஐந்து நிமிஷ வேலைதான்.

அடுத்தது ‘திருவாசகம்’, 2005. இளையராஜா, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு, ஆறு பாட்டு. பேரூர், அவிநாசி, பவானி என்று கோயிலுக்குக் கோயில் திருவாசக முற்றோதல் நடக்கும் நாடு இது. காலையில் உட்கார்ந்தால் ஐம்பத்தொரு பதிகமும் முடியப் பொழுது சாயும். ஆக, முழுசாகக் கேட்பது என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முற்றோதலில் பழகிய காது இந்தத் தட்டில் முதல் பாட்டிலேயே இடறும். சிவபுராணம் முதலில் வராது. நாற்பத்தைந்தாவதான யாத்திரைப் பத்திலிருந்து ‘பூவார் சென்னி மன்னன்’ என்று தொடங்குகிறது. புறப்படலாம் வாருங்கள் என்று அடியார்களை அழைத்துக் கூட்டம் சேர்த்துவிட்டு, அதன் பிறகுதான் சிவபுராணத்தின் ‘பொல்லா வினையேன்’. அப்புறம் திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம். முடிவு அச்சப்பத்தின் ‘புற்றில் வாழ் அரவும் அஞ்சேன்’. நூலின் வரிசையை உடைத்து ஒரு பயணத்தின் வரிசையை வைத்திருக்கிறார். அழைப்பில் தொடங்கி, தன்னைத் தாழ்த்தி அழுது, கடைசியில் எதற்கும் அஞ்சேன் என்று நிமிர்வது வரை. அச்சப்பத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தால் அந்த நிமிர்வுக்கு அடித்தளம் இருக்காது.

சிக்கல் ‘பொல்லா வினையேன்’தான். இருபது நிமிஷத்தைத் தொடுகிறது, நடுவில் ஆங்கில வரிகளும் வருகின்றன. ஆங்கிலம் தேவையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எங்கள் கணக்கில் முதல் முறை உறுத்தும், இரண்டாம் முறை பொறுத்துக்கொள்ளலாம், அதற்குமேல் பழகும். பிடிக்கும் என்று சொல்ல மனசு வரவில்லை. அதற்காக அந்தப் பாட்டைத் தாண்டிவிடாதீர்கள். தட்டின் முதுகெலும்பு அதுதான்.

இந்தத் தட்டைக் காரில் போடக் கூடாது. மெல்லிய இடத்துக்கும் கோரஸ் எழும் இடத்துக்கும் சத்த வித்தியாசம் அதிகம். அவிநாசி ரோட்டில் கண்ணாடி இறக்கிக்கொண்டு போனால் மெல்லிய இடம் காதில் விழாது, கூட்டி வைப்பீர்கள், அடுத்து கோரஸ் வந்து அறையும், குறைப்பீர்கள். ஆறு பாட்டும் இந்தக் குமிழைத் திருகுவதிலேயே போய்விடும். ராத்திரி வீடு அடங்கிய பிறகு, ஒயர் வைத்த ஹெட்போனில் கேளுங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒலி அளவு ‘லவுட்’ என்று வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். சத்தத்தைத் தூக்குவதற்காக உச்சிகளை அமுக்கும், சிம்பொனிக்கு அது ஆகாது.

சினிமாத் தட்டுகளில் இந்தச் சோதனைக்கு நிற்பவை குறைவு. ஏ.ஆர். ரகுமானின் ‘இருவர்’, 1997, நிற்கிறது, அதுவும் எல்லோரும் தாண்டிவிடும் இடத்தால். உன்னிகிருஷ்ணனும் பம்பாய் ஜெயஸ்ரீயும் பாடிய ‘நறுமுகையே’ பழைய சினிமாவின் கர்நாடக வாசனை. வைரமுத்து அதில் புறநானூற்றின் ‘அற்றைத் திங்கள்’ளையும் குறுந்தொகையின் ‘யாயும் ஞாயும்’மையும் பொதிந்து வைத்திருக்கிறார். ‘ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி’ ஜாஸ். ஆஷா போன்ஸ்லேயின் ‘வெண்ணிலா வெண்ணிலா’ கிளப் பாட்டு. இவற்றுக்கு நடுவே அரவிந்த்சாமி குரலில் ‘உன்னோடு நானிருந்த’ கவிதையும் ‘உடல் மண்ணுக்கு’ம் வருகின்றன. பாட்டில்லை என்று தாண்டுகிறார்கள். அவற்றை எடுத்துவிட்டு ஒருதடவை ஓட்டிப் பாருங்கள், மிச்சம் பல காலத்துப் பாட்டுக் கதம்பமாகிவிடும். வெவ்வேறு காலத்துச் சாயல்களை ஒரே ஆளின் நினைவாகக் கட்டுவது அந்தப் பேச்சுக் குரல்தான். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச்சுரம் எழும்பாது. ஜாஸ் பாட்டின் அடியில் நடந்துபோகும் பேஸ் காணாமல் போய்விடும், பாட்டு மொட்டையாகக் கேட்கும்.

‘சிந்து பைரவி’, 1985, பற்றிச் சொன்னால் கோபிக்க ஆள் இருக்கிறது. சித்ராவுக்கும் இளையராஜாவுக்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். ‘கலைவாணியே’ கல்யாணியின் ஆரோகணத்தை, அதாவது ஏறுவரிசைச் சுரங்களை, மட்டும் வைத்துக் கட்டியது. ‘பாடறியேன் படிப்பறியேன்’ நாட்டுப்புறமாகத் தொடங்கி, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய் முடிகிறது, காம்போதியில் பாடிவந்த கீர்த்தனையை சாரமதியில் வைத்து இரண்டையும் இணைத்த வேலை அது. பாட்டுப் பாட்டாக எடுத்தால் குறை சொல்ல வாய் வராது. ஆனாலும் வரிசையைக் கலைத்துப் போட்டால் ஒன்றும் கெடுவதில்லை. ஒவ்வொரு பாட்டும் தனக்குள்ளேயே முழுசு. ஆகவே இது மூட்டைதான், முத்து மூட்டை.

கொங்குக்காரர்கள் விட்டுவிடக் கூடாத இன்னொன்று ‘திருவிளையாடல்’, 1965. கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் ஔவையாராக வந்து பாடிய ‘பழம் நீயப்பா’ இதில்தான். இதைப் பாட்டு மட்டும் உள்ள தொகுப்பாக வாங்காதீர்கள். கதை வசனத்தோடு வந்த பதிவைத் தேடிக் கேளுங்கள். கோயில் நோம்பிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊருக்கே போட்டது அதைத்தான். தருமியின் புலம்பல் முடிந்த சூட்டோடு அடுத்தது வந்தால்தான் கே.வி. மகாதேவன் மெட்டுகளின் எடை தெரியும். பதிவு மோனோ. எதிரொலி சேர்த்து ‘ஸ்டீரியோ’ ஆக்கிய பிரதிகள் சுற்றுகின்றன, அவற்றில் கே.பி.எஸ். குரலின் ஓரம் மழுங்கியிருக்கும். பழைய கேசட்டாகக் கிடைத்தால் போடும் முன் இரண்டு பக்கமும் கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள், ஆண்டுக்கணக்காக இறுகிய நாடா தளரும். திறப்பில் தெரியும் சின்னக் கம்பளித் திண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கும், அதைக் கேசட்டின் குற்றம் என்று தூக்கிப் போட வேண்டாம். வீணான வேறு கேசட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கோயம்புத்தூர்ப் பையனின் தட்டு ஒன்றும் இல்லையா என்பவர்களுக்கு: ஹிப்ஹாப் தமிழாவின் ‘ஹிப்ஹாப் தமிழன்’, 2012. தமிழில் முதல் ராப் தொகுப்பு என்று அதைச் சொல்வது தப்பு, மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா ‘வல்லவன்’ 2006-லேயே வந்துவிட்டது. முன்பாதி நிமிர்ந்து நிற்கிறது, பின்பாதியில் வேகம் ஒரே மாதிரி ஓடுகிறது. ஜிம்முக்குச் சரி.

ஆப்பில் கேட்பவர்கள் மூன்றை அணைக்க வேண்டும்: ஷஃபிள், கிராஸ்ஃபேட், ஆட்டோப்ளே. கிராஸ்ஃபேட் ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலையோடு குழைத்துவிடும், ‘புற்றில் வாழ் அரவும்’ முடிந்தபின் கிடைக்க வேண்டிய அமைதியை ஆட்டோப்ளே வேறொரு குத்துப்பாட்டால் நிரப்பிவிடும். யூடியூப் ஜூக்பாக்ஸில் நடுவே விளம்பரம் வரும், வரிசையும் சில இடங்களில் மாறியிருக்கும். பாட்டு எண்ணிக்கையையும் ஆண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வால்பாறைக்குப் போகிறவர்கள் பொள்ளாச்சியிலேயே பாட்டுகளைப் போனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆழியாருக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவு. சிக்னல் விட்டு விட்டு வரும், அதுவும் பாக்கும் ராஜாவும் பேச ஆரம்பிக்கும் நேரம் பார்த்துத்தான் போகும்.