பாலிஸ்டால் எண்ணெய்: கேப் துப்பாக்கிக்கு நம் கடற்கரையில் எவ்வளவு தாங்கும்?

கேப் துப்பாக்கி என்றால் குழல்வாய் வழியே கருமருந்தும் (பழைய வகை வெடிமருந்து) குண்டும் இட்டு, பின்புறம் ‘கேப்’ என்னும் சின்ன வெடிமூடியை மாட்டிச் சுடுவது. சுட்ட குழலைக் கழுவ பாலிஸ்டாலைவிட நல்ல சரக்கு கிடைப்பது அரிது. கழுவிய குழலைக் காப்பாற்ற, இராமநாதபுரம் கடற்கரையில் இது மட்டும் போதாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகிறது. புகையாகப் போனதுபோக மீதி குழலுக்குள் அப்பிக்கொள்ளும். பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு என்று எல்லாமே உப்பு வகை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிய குழல் பளபளத்தாலும் துருப்பிடிப்பது இதனால்தான். தையல் மிஷின் எண்ணெய் இன்னும் மோசம்: கசடோடு சேர்ந்து தார் மாதிரி இறுகிவிடும்.

பாலிஸ்டால் 1904இல் ஜெர்மனியில் உருவானது. இரும்பு, மரம், தோல் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் என்பது நோக்கம். தண்ணீரோடு சேர்ந்து பாலாகும் குணம்தான் கருமருந்துக்காரர்களுக்கு வேண்டியது: தண்ணீர் உப்பைக் கரைக்கும், எண்ணெய் பின்னாலேயே இரும்பை மூடும்.

கலவை 1 லிட்டர் தண்ணீருக்கு 100 மி.லி. இங்கேதான் நம் ஊர் காலை வாரும். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உவர். அதில் கலந்தால் பால் திரிந்து, மேலே தயிர்த்துணுக்கு மிதக்கும். அடியில் நிற்பது உப்புத் தண்ணீர். அதைக் குழலுக்குள் விடுவதற்குப் பதில் சும்மா இருக்கலாம். கேன் தண்ணீர் பரவாயில்லை, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் உத்தமம். சரியான கலவை கொஞ்ச நேரம் வைத்தால் பிரியும். குலுக்கினால் மறுபடி வெள்ளையாகும். திரிந்தது குலுக்கினாலும் சேராது.

சுடும் இடமான ரேஞ்சில் கடல் காற்று ஒரு விதத்தில் நமக்குச் சாதகம். வறண்ட ஊரில் கசடு ஓடாக இறுகி அடுத்த குண்டை இறங்கவிடாது. இங்கே ஈரக்காற்றில் இளகியே இருக்கும். மூன்று, நான்கு முறை சுட்டதும் ஒருமுறை துடைத்தால் போதும். பழைய வேட்டித் துணியில் 2 அங்குலச் சதுரம், கலவையில் நனைத்து நன்றாகப் பிழிந்தது. சொட்டுகிற துணியைத் தள்ளினால் ஈரம் நிப்பிள் (கேப் மாட்டும் முளை) துவாரத்துக்குப் போய், அடுத்து இடும் மருந்து களியாகிவிடும். கேப் வெடிக்கும், துப்பாக்கி வெடிக்காது. அப்படி ஆனால் குழல்வாயைக் குறிப்பலகைப் பக்கமே பிடித்தபடி ஒரு நிமிடமாவது காத்திருந்து, பிறகு புதுக் கேப் போட வேண்டும்.

கழுவும் முன் காலித் துப்பாக்கி என்று உறுதி செய்ய, மருந்தை இடிக்கும் கெஜக்கோலை இறக்கிப் பாருங்கள். அடியில் இரும்பில் இடித்த ஓசை ‘டங்’ என்று கேட்க வேண்டும். அமுங்கிக் கேட்டால் மருந்து உள்ளே இருக்கிறது. நிப்பிளைக் கழற்றிக் கலவையில் ஊறப்போட்டுவிட்டு, குழலுக்கு ஈரத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். முதல் துணி கரிக்கறுப்பு, அழுகிய முட்டை வாடை. வாடை போய்த் துணி வெளுக்கும்வரை நிறுத்தக்கூடாது. கொதிநீர் வேண்டாம், சுடுகுழல் காய்வதற்குள் மெல்லிய துரு பூத்துவிடும். காய்ந்த துணியால் துடைத்தபின் கலக்காத எண்ணெய் தடவவும். தடவியது வெள்ளையாக மாறினால் ஈரம் மிச்சம் என்று பொருள். வெண்கலப் பிரஷ் போட்டால் துணி பச்சையாக வரும். எண்ணெய் செம்பைத் தொட்டதன் சாயம் அது, அழுக்கு என்று தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள்.

குறை இனிமேல்தான். இது மெல்லிய படலம். 1914 முதல் ஓடிய பாம்பன் பழைய ரயில் பாலத்தை அரித்த காற்று இதை மதிக்காது. மறுநாள் மாலை ஒரு வெள்ளைத் துணி ஓட்டிப் பாருங்கள், பழுப்பு தெரிந்தால் மறுபடி கழுவ வேண்டும். மூன்றாம் நாள், ஏழாம் நாள் இன்னொருமுறை. மாதக்கணக்கில் வைப்பதானால் இதன்மேல் தேன்மெழுகு கலந்த கொழுப்புப் பூச்சு தேவை. ரெக்ஸின் உறையில் பூட்டி வைப்பது ஈரத்தை விருந்துக்கு அழைத்து உட்கார வைப்பது. குழல்வாய் கீழே பார்க்க நிறுத்தினால் எண்ணெய் விசைக்குள்ளும் கட்டைக்குள்ளும் ஊறாது.

சோம்பு வாடை சிலருக்குப் பிடிக்கும், வீட்டாருக்குப் பிடிக்காது. வாங்கும்போது ஸ்ப்ரே டப்பாவை விட்டு திரவ டப்பாவை எடுங்கள். ஸ்ப்ரேயை அளந்து கலக்க முடியாது.

அடுத்தமுறை சுடுமுன் இந்த எண்ணெயைக் காய்ந்த துணியால் ஒட்ட எடுத்துவிட வேண்டும். பிறகு ரேஞ்சில், மருந்து இடாமல், குழல்வாய் அருகே தரையில் ஒரு சருகு கிடக்க இரண்டு கேப் அடியுங்கள். சருகு துள்ளினால் துவாரம் திறந்திருக்கிறது, கெட்டிக்கலாம்.