மூன்று வருடமாக ஓடும் என் பேனியர் டேங்க்

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய மாடல் ரயில் எஞ்சின். ஒருநாள் துடைக்க எடுத்தபோது பின்னால் இருக்கும் நிலக்கரித் தொட்டி வீங்கியிருந்தது. பிளாஸ்டிக் வீங்குமா? கடைசியில் பார்த்தால், வேலை நான் செய்ததுதான்.

இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறேன். சின்ன அறையில் எட்டடிப் பலகை ஒன்றில் ஓஓ அளவு லேஅவுட், அதாவது மாடல் ரயில் ஓடும் தண்டவாள அமைப்பு. நிஜ எஞ்சினில் 76இல் ஒரு பங்கு. ஓடத் தயாராக வாங்கியது, கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகை பேனியர் டேங்க். கழுதை முதுகில் இருபக்கமும் பொதி தொங்குமே, அதுபோல பாய்லரின் இருபக்கமும் தண்ணீர்த் தொட்டி. 1929 முதல் 1950 வரை 863 எஞ்சின்கள் கட்டினார்கள். ஆனால் இதே மாடலை வாங்கிய மற்றவர்களிடமும் இருப்பது அதே எண். என்னுடையதற்கு வேறு எண் வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பக்கத்தில் டிட்காட் ரயில்வே மையத்தில் 3650 என்ற நிஜ எஞ்சின் நிற்கிறது. அதே எண்ணில் பித்தளைத் தகடு வரவழைத்து, கேபின் இருபக்கமும் ஒட்டினேன். அடுத்த முறை டிட்காட் போனபோதுதான் உறைத்தது: என் மாடலின் கேபினில் முன் ஜன்னல்கள் வட்டம், 3650இல் அப்படி இல்லை. அது 1933இலிருந்து வந்த 8750 உட்பிரிவு, கேபினே வேறு. தகடு வாங்கிய காசு போயிற்று. இப்போது என் மாடலின் எண் 7714. 1930இல் கெர் ஸ்டூவர்ட் கம்பெனி கட்டிய எஞ்சின், செவர்ன் வேலி ரயில்வேயில் இருக்கிறது, கேபினும் பொருந்துகிறது. எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த எஞ்சினின் போட்டோவைப் பாருங்கள். எஞ்சினின் முன்னால் மோதலைத் தாங்கும் பஃபர்கள் பொருத்திய பலகையிலும் எண் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். அதற்குத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டிரான்ஸ்ஃபர் போதும்.

அடுத்து டி.சி.சி., அதாவது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி எஞ்சினை ஓட்டும் முறை. முதல் சக்கரத்துக்கும் கடைசிச் சக்கரத்துக்கும் இடையே 62 மில்லிமீட்டர்தான். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பாயிண்டுகளின் நடுவில் மின்சாரம் வராத பிளாஸ்டிக் துண்டு உண்டு. மெதுவாகப் போனால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும், விரலால் தள்ள வேண்டும். கட்டளையைப் படிக்கும் டிகோடரோடு ஒரு கெபாசிட்டரும் சேர்த்துச் சால்டர் செய்தேன். அரை விநாடி மின்சாரம் போனாலும் அது தாங்கிக்கொள்ளும். செய்த மாற்றங்களில் உண்மையாகப் பலன் தந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் கண்ணுக்கு அழகு, அவ்வளவே.

ஆனால் கெபாசிட்டருக்கு இடம் வேண்டுமே! உள்ளே இருந்த எடைக்கட்டியில் ஒரு பகுதியை அறுத்தேன். எடை குறைந்ததும் ஐந்து வேகனுக்கே சக்கரம் வழுக்கியது. சரி, நிலக்கரித் தொட்டியில் சின்ன ஈயக் குண்டுகளைக் கொட்டி, மர வேலைக்குப் போடும் வெள்ளைப் பசையை ஊற்றினேன். மேலே, துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்த நிஜ நிலக்கரி. பார்க்க ஜோராக இருந்தது.

வீக்கம் அங்கிருந்துதான் வந்தது. வெள்ளைப் பசையிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து ஈயக் கார்பனேட் ஆக்கும். அது ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும். வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தொட்டியைத் தள்ளும். கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, புதுக் குண்டுகளை எபாக்ஸியில் பதித்தேன். அதற்குப் பிறகு வீங்கவில்லை. ஏழு வேகன் இழுக்கிறது.

உழைத்த எஞ்சின் போலத் தெரிய அழுக்கேற்றியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயிண்டை நீர்க்கப் பூசி உடனே துடைப்பது, கடைசியில் மேட் வார்னிஷ். முதல் முறை வார்னிஷ் போடாமல் வெறும் வண்ணப் பவுடரோடு விட்டேன். கையால் பிடிக்கும் இடமெல்லாம் ஆறு மாதத்தில் பழையபடி பளபளத்துவிட்டது. சக்கரங்களை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைக்கிறேன். எண்ணெய் ஊசி முனையளவு போதும். ஒருமுறை தாராளமாக விட்டுத் தண்டவாளம் முழுக்கப் பிசுபிசுப்பு.

நிலக்கரித் தொட்டியின் இடப்பக்கம் மட்டும் இன்னும் லேசாகக் கோணல். என் லேஅவுட்டில் வட்டப்பாதை இல்லாததால் எஞ்சின் எப்போதும் ஒரே திசையைப் பார்த்தே ஓடும். கோணல் பக்கம் சுவரோரமாக இருக்கும்படி வைத்துவிடுகிறேன். மகள்தான் அவ்வப்போது திருப்பி வைத்துவிட்டுப் போகிறாள்.