புதைத்த பாஸ்டன், இடித்த சியோல்

நகரின் நடுவே ஓடும் மேம்பாலச் சாலை பழசாகிவிட்டால் என்ன செய்வது? பாஸ்டன் அதைப் பூமிக்கடியில் கொண்டுபோனது. சியோல் இடித்துத் தள்ளிவிட்டு, அதற்கு ஈடாக வேறு சாலையே போடவில்லை. இன்று படத்தில் பார்த்தால் இரண்டு இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்: மரம், புல்வெளி, தண்ணீர், உட்கார்ந்து சாப்பிடும் அலுவலகக் கூட்டம். செலவுக் கணக்கில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

பாஸ்டனின் மேம்பாலம் 1959இல் திறந்தது. ஒரு நாளைக்கு 75,000 வண்டிகளுக்காகக் கட்டியதில் தொண்ணூறுகளில் இரண்டு லட்சம் வண்டிகள் ஓடின. அதை மூடாமலே, அதற்கு நேர் கீழே சுரங்கச் சாலை தோண்டுவதுதான் ‘பிக் டிக்’ திட்டம். 1982இல் போட்ட மதிப்பீடு 280 கோடி டாலர். 1991இல் தொடங்கிய வேலை 2007இல் முடிந்தபோது செலவு 1,460 கோடியைத் தாண்டியிருந்தது. வட்டி தனி.

பொறியியலாகப் பார்த்தால் அசாத்தியமான வேலை. சவுத் ஸ்டேஷன் அருகே தண்டவாளங்களுக்கு அடியில் சுரங்கம் போக வேண்டும். ரயிலை நிறுத்தவும் முடியாது. மண்ணுக்குள் குழாய்களை இறக்கி, கடுங்குளிரான உப்புநீரை மாதக்கணக்கில் ஓடவிட்டு மண்ணையே உறைய வைத்தார்கள். உறைந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, பெரிய கான்கிரீட் பெட்டிகளை ஜாக்கியால் உள்ளே தள்ளினார்கள். மேலே ரயில்கள் வழக்கம்போல ஓடின.

இவ்வளவு செய்தவர்கள் சறுக்கியது பசையில். விமான நிலையம் போகும் சுரங்கத்தின் கூரைப் பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் எபாக்ஸி பசையால் ஒட்டப்பட்டவை. தொடர்ந்து பாரம் தாங்கும்போது அந்த வகைப் பசை மெதுவாக இளகிக் கொடுக்கும். 2006 ஜூலையில் சுமார் 26 டன் கூரை ஒரு கார்மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார்.

சியோலுக்கு வருவோம். சோங்கேச்சோன் ஓடையைக் கான்கிரீட்டால் மூடி, அதன்மேல் மேம்பாலமும் கட்டியிருந்தார்கள். மேம்பாலமும் கீழ்ச்சாலையும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் சுமந்தன. எல்லாவற்றையும் இடித்து ஓடையை மீட்பேன் என்று சொல்லி 2002இல் மேயரானவர் லீ மியுங் பாக். 2003 ஜூலையில் இடிப்பு தொடங்கியது. 2005 அக்டோபரில் 5.8 கிலோமீட்டர் ஓடை திறந்தாயிற்று. செலவு சுமார் 38,600 கோடி வொன், அதாவது நாற்பது கோடி டாலருக்குள்.

ஊர் ஸ்தம்பிக்கவில்லை. ஓடையின் அழகை எல்லோரும் பேசுகிறார்கள், ஊர் ஸ்தம்பிக்காததன் காரணத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. ஏற்கெனவே நல்ல மெட்ரோ இருந்தது. அதோடு 2004 ஜூலை 1ஆம் தேதி நகரின் பஸ் அமைப்பையே மாற்றினார்கள்: சாலை நடுவில் பஸ்ஸுக்கெனத் தனித் தடம், பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே கார்டு. முதல் சில நாள் குளறுபடி, மேயருக்கு நல்ல திட்டு. அப்புறம் பழகிவிட்டது. இதைச் செய்யாமல் பாலத்தை மட்டும் இடித்திருந்தால் கதை வேறு.

சியோலைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். அது பாதி செயற்கை ஓடை. பெரும்பகுதித் தண்ணீர் ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் போட்டு இறைப்பது. அங்கே இருந்த நடைபாதை வியாபாரிகளை தோங்தேமுன் விளையாட்டரங்குக்கு அனுப்பினார்கள். சில வருடத்தில் அந்த அரங்கமும் இடிபட, மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. பாஸ்டனின் கணக்கில் விமான நிலையச் சுரங்கமும் புதுப் பாலமும் அடங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதுவும் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலை; சியோலில் போனது நகரச் சாலை.

சியாட்டிலும் பாஸ்டன் வழியில்தான் போனது. 2013இல் அதன் ‘பெர்த்தா’ துளையிடும் இயந்திரம் பழுதாகி மண்ணுக்குள் இரண்டு வருடம் போல நின்றது. சுரங்கம் திறக்க 2019 ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால் சியோல் பக்கம்தான். முதலில் பஸ்ஸையும் ரயிலையும் சரிசெய்து, பிறகு கடப்பாரையை எடுப்பது மலிவு. தவறினால் திருத்தவும் முடியும். பாஸ்டனில் வரிசை தலைகீழ். சாலை முன்னால் போனது. அதற்கு ஈடாகத் தருவதாக வாக்குறுதி கொடுத்த ‘கிரீன் லைன்’ நகர ரயில் நீட்டிப்பு 2022இல்தான் ஓடியது. இதைவிட எனக்கு உறுத்துவது ஒன்று: நார்த் ஸ்டேஷனையும் சவுத் ஸ்டேஷனையும் இணைக்கும் ரயில் பாதையையும் அந்தச் சுரங்கத்தோடு சேர்த்துப் போடலாம் என்று பேச்சு இருந்தது, செலவைக் காட்டிக் கைவிட்டார்கள். நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கும் வடக்கே உள்ள மெயின் (Maine) மாநிலத்துக்கு ரயிலில் போகிறவர் இன்றும் சவுத் ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு ஊரின் மறுமுனைக்குப் போய்த்தான் அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்.