ஐஏடி சென்சார்: புதிது மாட்டியும் போகாத பி0113

பானெட்டுக்குள் இருக்கும் சென்சார்களில் ரொம்பவும் எளிமையானது இன்டேக் ஏர் டெம்பரேச்சர் சென்சார், சுருக்கமாக ஐஏடி. உள்ளே ஒரே ஒரு தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் சின்னப் பாகம்), வெளியே இரண்டே ஒயர். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் என் காரில் மாதக்கணக்கில் ஆட்டம் காட்டியது இதுதான். சரிசெய்த பிறகு சில வருஷம் ஓட்டியாகிவிட்டது, பி0113 என்ற அந்தக் கோளாறு கோடு திரும்பவில்லை. அதனால் இனி தைரியமாக எழுதலாம்.

என்னுடையது டர்போ இல்லாத பெட்ரோல் கார். காற்றை நேரடியாக அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டர் இதில் கிடையாது. மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தம், ஆர்பிஎம், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, இந்த மூன்றையும் வைத்துத்தான் சிலிண்டருக்குள் எவ்வளவு எடை காற்று போகிறது என்று இசியூ, அதாவது இன்ஜினை நிர்வகிக்கும் கணினி, கணக்குப் போடுகிறது. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.29 கிலோ இருக்கும். 40 டிகிரியில் அதே அளவு காற்று 1.13 கிலோதான். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. வெப்பநிலையைத் தப்பாகச் சொன்னால் பெட்ரோல் அளவும் அந்தக் கணக்கில் தப்பும். ஏர் ஃப்ளோ மீட்டர் உள்ள கார்களில் காற்றின் எடை நேரடியாகவே தெரிந்துவிடுவதால் ஐஏடி கெட்டாலும் பாதிப்பு கொஞ்சம் குறைவு. அங்கே அது பெரும்பாலும் இக்னிஷன் டைமிங்குக்கும் (ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்ற கணக்கு) காலை ஸ்டார்ட்டுக்கும் பயன்படுகிறது.

முதலில் வந்தது செக் இன்ஜின் விளக்கு. மேடுபள்ளமான ரோட்டில் எரியும், சில நாள் கழித்துத் தானே அணையும். அணைந்ததும் சரியாகிவிட்டது என்று பலரும் விட்டுவிடுவார்கள். அடுத்தடுத்த மூன்று டிரைவ் சைக்கிளில் (ஸ்டார்ட் செய்து ஓட்டி நிறுத்துவது ஒரு சைக்கிள்) கோளாறு தென்படாவிட்டால் விளக்கை அணைத்துவிடுவது, கார் தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி முறையின் வழக்கம், அவ்வளவுதான். கோடு நினைவில் இருந்துகொண்டேதான் இருக்கும். விளக்கைத் தவிர, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் வாடை, சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு உடனே கிளப்பினால் ஒரு தடுமாற்றம், மைலேஜில் லேசான இறக்கம். ஓட்டும்போது வேறெதுவும் தெரியாது. சூடான இன்ஜினில் ஆக்சிஜன் சென்சார் குறுக்கே வந்து, கலவை கெட்டியாக, அதாவது பெட்ரோல் அதிகமாக, இருக்கிறது என்று சொல்லிவிடும். இசியூவும் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். காலை ஸ்டார்ட்டிலும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போதும் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சை இசியூ கேட்பதில்லை. குட்டு வெளிப்படுவது அங்கேதான்.

கோடு பி0113. ஒர்க்‌ஷாப்பில் அதைப் பார்த்த உடனே "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள், மாற்றினார்கள். சில வாரத்திலேயே அதே கோடு மறுபடி. அந்தக் கோட்டுக்கு அர்த்தம், ஐஏடி சர்க்யூட்டில் சிக்னல் வோல்டேஜ் அதிகம் என்பது மட்டும்தான். சென்சார் செத்துவிட்டது என்று அதில் எங்கும் எழுதியில்லை. இசியூ உள்ளிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுக்கிறது. தெர்மிஸ்டர் அதில் ஒரு பங்கை கிரவுண்டுக்கு இழுத்துக்கொள்ள, மிச்சமிருக்கும் வோல்டேஜைப் பார்த்து இசியூ வெப்பநிலையை ஊகிக்கிறது. காற்று குளிர்ந்தால் தெர்மிஸ்டரின் ரெசிஸ்டன்ஸ் ஏறும், வோல்டேஜும் ஏறும். எங்கேயோ ஒயர் அறுந்தால் முழு 5 வோல்டும் அப்படியே நிற்கும், இசியூ அதைக் கடுங்குளிர் என்று படித்துக்கொள்ளும். அறுந்தது சென்சாருக்குள்ளா, கனெக்டரிலா, ஒயரிலா, இசியூ முனையிலா என்பது அதற்குத் தெரியாது. பி0112 இதற்கு நேரெதிர், சிக்னல் கிரவுண்டில் முட்டிக்கொண்டது. பி0114 விட்டு விட்டு வரும் கோளாறு. பி0111 கொஞ்சம் வித்தியாசமானது. வோல்டேஜ் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் நம்பும்படியாக இல்லை என்று இசியூ சந்தேகப்படும்போது அது வரும்.

ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி நானே பார்க்க ஆரம்பித்தேன். இந்த வேலைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். லைவ் டேட்டாவில் ஐஏடி மதிப்பு மைனஸ் 40 டிகிரி என்று வந்தால் அது அளந்த வெப்பநிலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஓபிடி முறையில் இந்த மதிப்பு ஒரே பைட்டில் வருகிறது, 0 முதல் 255 வரை. அதிலிருந்து 40-ஐக் கழித்தால் டிகிரி. ஆக மைனஸ் 40 என்பது அந்த அளவுகோலின் அடிமட்டம். எல்லாக் காரிலும் இப்படி வெளிப்படையாகக் காட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில இசியூக்கள் கோடு பதிவானதும் சென்சாரை ஒதுக்கிவிட்டு ஒரு நிலையான மதிப்பை வைத்துக்கொள்ளும், ஸ்கேனரிலும் அதுவே வரும். எண் பார்க்க நியாயமாக இருந்தாலும், எவ்வளவு ஓட்டினாலும் ஒரு டிகிரி கூட அசையவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

ஸ்கேனர் ஆப்பில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் ஒவ்வொரு மதிப்பும் மெதுவாகத்தான் புதுப்பிக்கப்படும். நொடிப்பொழுது வந்துபோகும் கோளாறு அந்த இடைவெளியில் நழுவிவிடும். ஐஏடி ஒன்றை மட்டும் வைத்து கிராஃபில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. சமமான ரோட்டில் கிராஃப் ஆடாமல் போகும். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் ஒரு கணம் மைனஸ் 40-க்கு விழுந்து எழும். தெர்மிஸ்டர் அப்படி விழுந்து எழாது. காற்று அத்தனை வேகமாகக் குளிர்ந்து சூடாகாது. ஏதோ தொட்டும் விட்டும் நிற்கிறது.

அடுத்தது கனெக்டரைக் கழற்றிச் செய்யும் சோதனை. இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். கனெக்டரை உருவினால் மைனஸ் 40 காட்ட வேண்டும். கனெக்டரின் இரண்டு பின்களையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்தால் மதிப்பு நூறு டிகிரியைத் தாண்டி எகிற வேண்டும். இரண்டும் நடந்தால் இசியூவும் ஒயரும் அந்த நேரத்துக்கு நன்றாக இருக்கின்றன என்று பொருள். 'அந்த நேரத்துக்கு' என்பதை மறக்கக் கூடாது. என் காரில் இரண்டுமே சரியாக நடந்தது, மல்டிமீட்டரில் 5 வோல்டும் ஜம்மென்று வந்தது. கோளாறோ அங்கேயே இருந்தது. இன்னொன்று: இந்த ஒயர் இணைக்கும் சோதனை இரண்டு பின் சென்சாருக்கு மட்டும். நான்கு, ஐந்து பின் உள்ளவற்றில் வேறு சப்ளை ஒயரும் இருக்கும். எது எது என்று ஒயரிங் படம் இல்லாமல் அங்கே கை வைக்க வேண்டாம்.

ஷார்ட் செய்த ஒயரை அப்படியே விட்டுவிட்டு, கிராஃபைப் பார்த்தபடி ஹார்னஸை (ஒயர் கட்டு) கனெக்டரிலிருந்து பின்னோக்கி அசைத்துக்கொண்டே போனேன். கனெக்டரை ஒட்டி, நாலு விரல்கடை தூரத்துக்குள், ஒயர் வளைந்து ஏர் ஃபில்டர் பெட்டியின் விளிம்பில் உரசும் இடத்தில் கிராஃப் விழுந்தது. மேலே சுற்றிய டேப்பைப் பிரித்தால் ஒயரில் ஒரு கீறல் கூட இல்லை. இரண்டு ஒயரையும் தனித்தனியே இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒன்று விறைப்பாக நின்றது, இன்னொன்று ரப்பர் போல நீண்டது. உள்ளே செம்பு இழை முழுக்க அறுந்திருக்கிறது, மேல் உறை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போது அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்ததால் மீட்டருக்கு எதுவும் தெரியவில்லை. பல நாள் தலைவலிக்கு விடை கொடுத்தது இந்த இழுத்துப் பார்க்கும் வேலைதான். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் கூட இதைச் செய்யலாம்.

சரிசெய்வதில் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. ஈயம் வைத்துப் பற்றவைப்பதே உறுதி என்பார்கள் பழைய ஆட்கள். இன்ஜின் அருகே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறிக் கெட்டியான இடத்துக்கும் வளையும் ஒயருக்கும் இடையில் ஒரு எல்லை உண்டாகிறது, அதிர்வில் அடுத்த முறை அறுவது அந்த எல்லையில்தான். கனெக்டரோடு வரும் புதுத் துண்டு ஒயரை வாங்கி, கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடினேன். அதைவிட முக்கியமாக, ஒயர் பெட்டியின் விளிம்பைத் தொடாதபடி ஒரு கிளிப் வைத்துத் தளர்வாகக் கட்டினேன். உரசல் அப்படியே இருந்தால் எந்த ஒயரும் நிலைக்காது. இன்றுவரை அந்த இணைப்பு அசையவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதுவும் புதிதும் எப்படி இருக்கின்றன என்று ஒரு ஆர்வம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, ஒயர் முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சேர்த்து, ஹேர் டிரையரால் சூடேற்றி ரெசிஸ்டன்ஸ் பார்த்தேன். என் காரில் உள்ள வகைக்கு 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 60 டிகிரியில் சுமார் 600, 80 டிகிரியில் 300-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எல்லா சென்சாருக்கும் ஒரே அட்டவணை இல்லை, அவரவர் காரின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்க வேண்டும். பழையது அட்டவணையோடு ஒட்டிப் போனது. புதிது குளிரில் சரியாகவும் சூட்டில் விலகியும் போனது, 60 டிகிரியில் 700 ஓமுக்கு மேல். அதாவது காற்று உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி என்று சொல்கிறது. அதன் முனையும் முழுக்க மூடிய பித்தளை, பழையதில் தெர்மிஸ்டர் கூண்டுக்குள் திறந்திருக்கும். மூடியது சூட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும்.

ஐந்தாறு டிகிரி வித்தியாசம் பெரிதா? காற்றின் எடையில் இரண்டு சதவீதத்தைத் தாண்டாது, ஃப்யூயல் ட்ரிம் (ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு இசியூ பெட்ரோலில் செய்யும் திருத்தம்) அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எந்தக் கோடும் வராது. டைமிங்குக்கு அந்தத் திருத்தம் கிடையாது. காற்று சூடாக இருந்தால் நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பது) வராமலிருக்க இசியூ டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். குளிர்ச்சி என்று நம்பினால் இழுக்காது, பிறகு நாக் சென்சார்தான் காப்பாற்ற வேண்டும். பழைய சென்சாரைத் திரும்ப மாட்டியதும் மேட்டில் ஏறும்போது வந்த மெல்லிய கிடுகிடு சத்தம் நின்றது. பெட்ரோல் மாறியிருக்கலாம், நான் அதைப் பெரிய ஆதாரமாகச் சொல்ல மாட்டேன். ட்ரிம் மதிப்பு மைனஸில் இருந்து பூஜ்ஜியத்தை நெருங்கியது மட்டும் கண்ணால் பார்த்தது.

வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில் நான் நம்பும் சோதனை ஒன்றுதான். இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பநிலையையும் ஐஏடியையும் வெளிக் காற்றையும் பார்ப்பது. மூன்றும் சில டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் ஓட்டிவிட்டு நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் இன்ஜின் சூட்டில் ஐஏடி எகிறியிருக்கும். அது கோளாறு இல்லை. வண்டி நகர்ந்து காற்று ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் போதும்.

காலைச் சோதனை மட்டும் பார்த்துத் திருப்திப்படவும் கூடாது. கனெக்டர் பின்னில் பச்சை பூத்து 200 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். குளிரில் 2,500 ஓம் 2,700 ஆகும், இரண்டு டிகிரிதான் தள்ளும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 60 டிகிரியில் 600 ஓம் 800 ஆகிவிடும், இசியூ 50-ஐ ஒட்டி ஏதோ ஒன்றைப் படிக்கும். அரிப்பு சூட்டில்தான் பொய் சொல்லும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஏர் ஃபில்டர் மாற்றும்போது சென்சாரைக் கழற்றி, தூசி இருந்தால் ஏர் ஃப்ளோ மீட்டருக்கென்று விற்கும் ஸ்ப்ரே அடித்து, தானாகக் காயவிட்டு மாட்டுகிறேன். கார்புரேட்டர் கிளீனர் பிளாஸ்டிக்கைக் கெடுக்கக்கூடும், வேண்டாம். எண்ணெய் தடவும் வகை ஃபில்டர் போட்டவர்கள் சென்சார் முனையில் படலம் படிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டர்போ டீசலில் மேனிஃபோல்டில் இருக்கும் சென்சாரில் ஈஜிஆர் (வெளியேறும் புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) புகைக்கரி அப்பிக்கொள்ளும். அங்கே வெப்பநிலை மாற்றம் மந்தமாகத் தெரிந்தால் மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்து பார்க்கலாம். ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்று வேறு ஒரு தொல்லை.

பவர் கூட்டும் 'சிப்' என்று ஐஏடி கனெக்டரில் மாட்டச் சொல்லி விற்கும் குட்டிச் சாமான் ஒன்று உண்டு. பிரித்தால் உள்ளே ஒரு சாதாரண ரெசிஸ்டர். காற்று எப்போதும் குளிர்ச்சி என்று இசியூவிடம் சொல்லும் வேலையைத்தான் அது செய்கிறது. என் காரில் அறுந்த ஒயர் அதை இலவசமாகவே செய்துகொண்டிருந்தது.